தட்டை மூட்டைப்பூச்சிகளை வகுத்த வரலாறு

நீர்வேலியிலே மாரிமழையில் உக்கிக் கிடக்கும் மாமரக் குற்றியொன்றின் பட்டையை மெல்ல உரிப்போர், பூஞ்சணம் படர்ந்த அதன் உட்புறத்தில் கடதாசித் துண்டுபோன்ற கபிலநிறப் பூச்சிகளைக் காணக்கூடும். படுக்கை மூட்டைப்பூச்சிக்கு இவை தூரத்து உறவின. ஆயினும் குருதி உறிஞ்சுவன அல்ல. தலையினுள்ளே கடிகாரச் சுருள்வில்போற் சுருண்டிருக்கும் நுண்ணூசிகளை நீட்டிப் பெரும்பாலும் பூஞ்சண இழைகளின் சாற்றையே உண்பன. அரடிடே எனப்படும் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 2,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இவற்றை ஒன்றினின்றும் ஒன்று பிரித்தறிதல் எளிதன்று. இலங்கையின் மூட்டைப்பூச்சி வரிசையைப்பற்றி அன்றன் டோர்ன் என்பார் 1860இல், தமது பத்தொன்பதாம் வயதில், ஸ்டெட்டின் நகரச் சஞ்சிகையொன்றில் எழுதினார். (பின்னர் நேப்பிள்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தை நிறுவியவரும் இவரே.) அடுத்து வந்த பிரான்சிஸ் வாக்கர், 1867 முதல் 1873 வரை பிரித்தானிய நூதனசாலைக்கு எட்டுப் பகுதிகளில் அட்டவணை வகுத்தார். அவர் உழைப்புப் பெரிது. அவசரமோ அதனினும் பெரிது. அவர் இட்ட பெயர்களுட் பல, முன்னரே பெயர்பெற்ற இனங்களுக்கு மறுபெயர்களாய் முடிந்தன. இலங்கை அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த ஈ. ஏர்னஸ்ற் கிறீன் அனுப்பிய மாதிரிகளையும் கொண்டு, டிஸ்ரன்ற் என்பார் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளுக்குரிய பெருநூலை எழுதினார். அதன் இரண்டாந் தொகுதி 1904இல் நிறைவெய்தியது.

உருவம், நிறம், உணர்கொம்பின் கணுக்களது நீளம் என்பனவே அக்காலத்தார் பெரிதும் நம்பிய அடையாளங்கள். ஆனால் இப்பூச்சிகளின் மேனியிலே அழுக்கு ஏடுபோற் படிந்து உறுப்புக்களை மறைக்கும். ஆணும் பெண்ணும் வேறுபடும். ஈரவனங்களில் வாழ்வனவற்றுட் பல சிறகிழந்தவை. சிறகிழப்புத் தனித்தனியே பலமுறை நிகழ்ந்தமையால், உறவில்லாதனவும் உடன்பிறந்தனபோற் தோன்றும்.

இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கியது 1959இல் உசிங்கர், மற்சுடா இருவரும் வெளியிட்ட நூல். வயிற்றின் ஒவ்வொரு துண்டத்திலும் உள்ள சுவாசத்துவாரம் கீழ்ப்புறத்ததா, ஓரத்ததா, மேலிருந்து நோக்கின் தெரிவதா என்பதை அவர்கள் நுணுகி ஆய்ந்து, குடும்பத்தை எட்டு உபகுடும்பங்களாக வகுத்தனர். பின்வந்த கோர்மிலெவ் பலநூறு புதிய இனங்களை விவரித்து, 1987இல் புறோஷ்னருடன் உலகப் பட்டியலை வெளியிட்டார்.

எனினும் ஒரு குறையை எந்த நுண்ணோக்கியாலும் தீர்த்தல் இயலாது. இலண்டனிலுள்ள பழைய மாதிரிகள் சிலவற்றின் சீட்டில் 'சிலோன்' என்ற ஒரு சொல்லே உண்டு. நுவரெலியாவின் குளிர்வனமும் நீர்வேலியின் செம்மண்ணும் அச்சொல்லில் ஒன்றாய் அடங்கிவிட்டன. ஆதலின் நம் மாணவர் பூச்சி சேர்ப்பாராயின், ஒரே குற்றியிற் கிடைத்த ஆண், பெண், குஞ்சு மூன்றையும் பிரியாது வைத்து, மரத்தின் பெயர், ஊர், திகதி என்பவற்றை அன்றே சீட்டில் எழுதுதல் வேண்டும்.