நாப்லஸ்: இருமலை நடுவண் ஒரு புதுநகர்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய முற்படுவோர்க்கு அதன் பெயரே முதற்சான்றாக அமைவதுண்டு. பாலத்தீனத்தின் நாப்லஸ் நகரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கி.பி. 72இல் உரோமைப் பேரரசர் வெசுபாசியன் இதனை நிறுவியபோது 'பிளாவியா நியாபொலிஸ்' எனப் பெயரிட்டார். 'நியாபொலிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் 'புதுநகர்' என்பது பொருள். அரபு மொழியில் பகர ஒலி இன்மையால் அது பகரத்திற்கு இனமான மெல்லோசை பெற்று 'நாப்லஸ்' எனத் திரிந்தது. இத்தாலியின் நாபொலி நகரப் பெயரும் இதே வேரினின்று கிளைத்ததே.

பெயரால் புதிதாயினும் மண்ணால் இது மிகப் பழையது. இன்றைய நகரின் கிழக்கே பலாத்தா என்னும் இடத்திலுள்ள மேடு, விவிலியம் கூறும் சீகேம் நகரின் எச்சமாகும். யாக்கோபின் கிணறு என வழங்கும் கிணறும் அதன் அருகிலேயே உள்ளது.

எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், வடக்கில் ஏபால், தெற்கில் கெரிசீம் என்னும் இரு மலைகளுக்கிடையே நகரம் நீண்டு கிடக்கிறது. ஏபால் ஏறத்தாழ 940 மீட்டர் உயரமுடையது. கெரிசீம் அதனினும் சற்றுத் தாழ்ந்தது. நகரம் அமைந்த பள்ளத்தாக்கு ஒரு நீர்பிரி முகடாகும். மேற்கே வடியும் மழைநீர் மத்தியதரைக் கடலையும், கிழக்கே வடிவது யோர்தானையும் நாடிச் செல்லும். ஊற்றுகளின் வளமும் இருதிசை வழிகள் கூடும் நிலையும் இதனை வணிக நகராக்கின.

கெரிசீம் மலை சமாரியருக்குப் புனிதமானது. தோராவின் ஐந்து நூல்களை மட்டுமே மறையெனக் கொள்ளும் இச்சமூகத்தார் இன்று ஏறத்தாழ எண்ணூற்றுவரே. அவருள் ஒரு பகுதியினர் இம்மலைமீதே வாழ்ந்து, பாஸ்கா பலியை ஆண்டுதோறும் அங்கு நிறைவேற்றி வருகின்றனர்.

நகரின் புகழுக்கு மற்றொரு காரணம் சோப்பு. ஒலிவ எண்ணெயையும் காரத்தையும் நீரையும் பெரிய கொப்பரையில் நெடுநாள் காய்ச்சி, மேல்மாடித் தளத்தில் பரப்பி, இறுகியபின் கட்டிகளாக அறுத்து முத்திரையிடுவர். அக்கட்டிகளைக் காற்றுப் புகுமாறு இடைவெளிவிட்டு, கூம்புக் கோபுரங்களாக அடுக்கி உலர்த்துவர். இக்கைத்தொழில் மரபை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தொழிலில் சிறந்த தூக்கான் குடும்பமே நகருக்கு இரு கவிஞர்களையும் அளித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மூத்தவர் இப்ராகீம் தூக்கான் (1905-1941). அவர் இயற்றிய 'மவ்தினீ' ('என் தாயகம்') என்னும் பாடல் 2004 முதல் ஈராக்கின் நாட்டுப்பண்ணாக உள்ளது. அவர்தம் தங்கை பத்வா தூக்கான் (1917-2003) சிறுவயதிலேயே பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். வீட்டுச் சுவர்களுக்குள் அடைபட்ட தங்கைக்கு யாப்பும் கவிதையும் கற்பித்தவர் அண்ணனே. தன்னுணர்ச்சிப் பாடல்களால் அறியப்பட்ட அவர், 1967க்குப் பின் தம் மக்களின் துயரையும் எதிர்ப்பையும் பாடும் கவிஞரானார்.

அந்த மாற்றத்திற்கு நகரின் வரலாறே காரணம். 1927 சூலை 11இல் நிகழ்ந்த நிலநடுக்கம் நகரைப் பெரிதும் சிதைத்தது. ஆங்கிலேயராட்சிக்கெதிரான 1936ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் தொடக்கத்தில் தேசியக் குழு முதலில் இங்குதான் அமைந்தது. 1948இல் வீடிழந்தோர் வந்தடைந்தனர். 1950இல் பலாத்தா அகதி முகாம் எழுந்தது. யோர்தானிய ஆட்சிக்குப்பின் 1967இல் நகரம் இசுரேலின் படைவசமானது. 1995இல் பாலத்தீன ஆணையத்தின் நிர்வாகம் ஏற்பட்டும், 2002 ஏப்ரலில் இசுரேலியப் படை மீண்டும் புகுந்தபோது பழநகரின் தொன்மையான வீடுகளும் சோப்புத் தொழிற்கூடங்களும் இடிபட்டன. வழிகள் கூடுவதால் வளர்ந்த நகரைச் சோதனைச் சாவடிகள் நெருக்கின.

அந்நெருக்கடிக் காலத்திலேயே, 2003 திசம்பரில், பத்வா தம் பிறந்த ஊரில் மறைந்தார். பள்ளி வாயில் அடைக்கப்பட்ட சிறுமியிடம் சேர்ந்த கல்வி, அண்ணன் வீட்டுக்குள் கொணர்ந்த கவிதையே. ஊரின் வழிகள் அடைபட்ட நாளிலும் அவர் பாடல்கள் அரபுலகெங்கும் படிக்கப்பட்டன. புதுநகர் என்னும் பெயரை நாப்லஸ் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்கிறது. இடிந்த ஒவ்வொரு முறையும் அதைக் கட்டி எழுப்பியோரின் உழைப்பால் அப்பெயர் பொய்க்கவில்லை எனலாம்.