உங்க வீட்டு வாழை பூ தள்ளியாச்சா? தாரும் கெடாம, பூவும் வீணாகாம சமைக்கலாம்!

கொற்கைனு சொன்னதும் முத்துதான் ஞாபகம் வரும். பாண்டியர்களின் துறைமுகம் அது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கடல்வழிக் கையேட்டில்கூட முத்துக்குளிக்கும் ஊர் எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டது. கப்பல்கள் காயலுக்குப் போயின, பிறகு தூத்துக்குடிக்குப் போயின.

துறைமுகத்தை மூடிய அந்த வண்டலில்தான் இப்போது வாழை செழிக்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கமெல்லாம் பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் நெல்லும் வாழையும்தான். வீடுகளின் புறவாசலிலும் நாலு வாழை நிற்கும். தாரை ஆசையா வெட்டுவோம், இலையை விடமாட்டோம். ஆனா பூ? "யாரு உட்கார்ந்து ஆயுறது?" என்ற ஒரே கேள்வியில் பல வீடுகளில் அது உரக்குழிக்குப் போய்விடுகிறது. ஒரு மரம் வாழ்நாளில் ஒரு தடவைதான் பூக்கும். அதை வீணாக்கலாமா?

பூவை வெட்டினா தார் சிறுத்துடுமா?

நிறைய பேருக்கு இருக்கும் பயம் இது. பதில்: சரியான நேரத்தில் வெட்டினால் தாருக்கு நல்லதுதான்.

வாழைப்பூவில் முதலில் விரியும் மடல்களுக்குள் இருப்பவை பெண் பூக்கள். அவைதான் சீப்பு சீப்பாகக் காயாகும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆண் பூக்கள். அவை காய்க்காது, உதிர்ந்துவிடும். நாம் சாப்பிடும் வாழை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய் பிடிக்கும். அதனால் ஆண் பூக்கள் மரத்தில் இருந்தாலும் தாருக்குப் பயன் இல்லை. வெட்டிவிட்டால், அதற்குப் போகும் சத்து காய்களுக்குப் போகும். வாழை விவசாயிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

- கடைசிச் சீப்பு முழுசா விரியும்வரை காத்திருங்க. அதன்பின் இரண்டு மூன்று மடல்களில் காய் பிடிக்காமல் பூ மட்டும் உதிர்ந்தால், அதுதான் நேரம்.
- கடைசிச் சீப்புக்குக் கீழே ஒரு சாண் காம்பு விட்டு வெட்டுங்க. ஒட்டி வெட்டக் கூடாது.
- பால் வடியும். துணியில் பட்டால் கறை போகாது. பழைய சட்டை போட்டுக்கோங்க.
- நோய் தாக்கிய மரத்தை வெட்டிய கத்தியை, கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்காதீங்க. உகாண்டாவில் வாழையை வாட்டிய பாக்டீரியா நோய் கத்தி வழியாகவும் பூவுக்கு வரும் பூச்சிகள் வழியாகவும் பரவியது. அதனால் அங்கே கவைக்கம்பால் பூவைத் திருகி ஒடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆயுறதுதான் பிரச்னையா?

ஒவ்வொரு பூவிலும் நீக்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, தீக்குச்சி மாதிரி தலை உருண்ட நரம்பு. இதைத்தான் 'கள்ளன்' என்பார்கள். என்ன வேக வைத்தாலும் வேகாது. இன்னொன்று, அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சின்னச் செதில்.

- முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கோங்க. பிசின் ஒட்டாது, விரல் கறுக்காது.
- ஒரு மடலுக்குள் இருக்கும் பூக்களை மொத்தமாகப் பிடித்து, நுனியை உள்ளங்கையில் லேசாகத் தேயுங்க. பூ விரிந்து கள்ளன் தலைதூக்கும். சேர்த்து இழுத்தால் வேலை பாதி முடிந்தது.
- உள்ளே போகப் போக மடல் வெளுத்து, பூ பிஞ்சாகும். அதற்குமேல் ஆய வேண்டியதில்லை. நடுக்குருத்தை அப்படியே பொடியாக நறுக்கலாம்.
- நறுக்க நறுக்க, நீர்மோரில் போடுங்க. காற்றுப் பட்டால் பூ கறுக்கும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கும், துவர்ப்பும் குறையும்.
- இரும்புச் சட்டி வேண்டாம். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் பொரியல் மை மாதிரி ஆகிவிடும்.

பாட்டும் பாட்காஸ்ட்டும் ஓடட்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அன்றைக்கே சமைக்க முடியாவிட்டால், உரிக்காமல் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைங்க. இரண்டு மூன்று நாள் தாங்கும்.

புறவாசல் துவட்டல்

தென்மாவட்டங்களில் பொரியலுக்குத் 'துவட்டல்' என்றும் பெயர். வாழையும் முருங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்கு இது சரியான ஜோடி.

ஒரு நடுத்தர பூவுக்கு: முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 10, வற்றல் 3, பாசிப்பருப்பு 2 ஸ்பூன், தேங்காய்த் துருவல் கால் கப், சீரகம் அரை ஸ்பூன், பூண்டு 2 பல்.

1. பாசிப்பருப்பை மலர வேக வைங்க. குழையக் கூடாது.
2. தேங்காய், சீரகம், பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டிக்கோங்க.
3. கடுகு, உளுந்து, வற்றல், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தை வதக்குங்க.
4. மோரிலிருந்து பிழிந்தெடுத்த பூவுடன் மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடுங்க. 10 நிமிடத்தில் வெந்துவிடும்.
5. கீரையைப் போட்டு, மூடாமல் 3 நிமிடம் கிளறி, பருப்பும் தேங்காயும் சேர்த்து இறக்குங்க.

கடற்கரைக்காரங்க சும்மா விடுவாங்களா? கீரைக்குப் பதில் கூனி போட்டால் கதையே வேற. காய்ந்த கூனியை வெறும் சட்டியில் வறுத்து, மண் போகப் புடைத்து, சட்டெனக் கழுவி, பூ முக்கால்வாசி வெந்ததும் சேர்க்கணும். கூனியில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதனால் கை அடக்கம் தேவை. பிலிப்பைன்ஸில் இதே பூவைத் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். வியட்நாமில் மெல்லிசாகச் சீவிப் பச்சையாகவே சாலட் போடுகிறார்கள்.

ஃபார்வர்டை நம்பலாமா?

'வாழைப்பூ சாப்பிட்டால் சுகர் மாத்திரையே வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். நம்ப வேண்டாம். நார்ச்சத்தும் பொட்டாசியமும் இருக்கும் நல்ல காய் இது. மருந்துக்கு மாற்று கிடையாது. சிறுநீரகப் பிரச்னைக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க.

வருஷம் முழுக்கப் பூ வேணுமா?

ஒரு குத்தில் மூன்று தலைமுறை இருக்கட்டும்: தார் தள்ளிய மரம் ஒன்று, வளர்ந்த கன்று ஒன்று, சின்னக் கன்று ஒன்று. மற்ற கன்றுகளை எடுத்துவிடுங்க. தார் தள்ளியதும் முட்டுக் கொடுப்பது முக்கியம்.

தண்ணீர் தேங்கவும் விடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டம் அதைக் கண்ணால் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வாழைகள் மூழ்கின. வாழைக்கு ஈரம் வேண்டும், ஆனால் நின்ற தண்ணீரில் வேர் அழுகிவிடும். வீட்டிலும் மேடாக்கி நட்டு, வடிகால் விடுங்க. ஒருவேளை காற்றில் மரம் சாய்ந்து தார் தேறாமல் போனாலும், பூவும் தண்டும் அன்றைய சமையலுக்கு ஆகும்.

அடுத்த தடவை புறவாசலில் பூ தொங்கினால், கடைசிச் சீப்பு விரிஞ்சிடுச்சான்னு பாருங்க. விரிஞ்சிருந்தா, மோரைக் கரைச்சு வைக்க வேண்டியதுதான்!