பிளக்கின் வெள்ளை உடம்பு: விருத்தாசலம் முதல் நாகோயா வரை

(எபிசோடின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நம்ம பேசப்போற பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும். விலையும் பெருசா இல்லை. ஆனா அது தப்பா இருந்தா, எவ்வளவு பெரிய ஸ்போர்ட்ஸ் காரா இருந்தாலும் நகராது. அதுதான் ஸ்பார்க் பிளக்.

ஒரு பழைய பிளக்கைக் கழட்டி கையில் எடுத்துப் பாருங்க. கீழே இரும்பு மரை, மேலே வெள்ளையா பீங்கான். அந்தப் பீங்கானைச் சுத்தி சின்னச் சின்ன வரம்புகள் இருக்கும். இப்போ அப்படியே நிமிர்ந்து தெருவில் இருக்கிற கரண்ட் கம்பத்தைப் பாருங்க. அங்கேயும் பீங்கான், அங்கேயும் அடுக்கடுக்கா வரம்பு. ரெண்டுக்கும் வேலை ஒண்ணுதான். மின்சாரம் மேற்பரப்பு வழியா ஊர்ந்து தப்பிச்சு ஓடாம, அதுக்குப் பாதையை நீளமாக்கி வைக்கிறது. இந்தக் கதை கம்பத்தில் ஆரம்பிச்சு காருக்குள் போய் முடிகிற கதை. அதைச் சொல்ல நமக்குக் கிடைச்சிருக்கிற நல்ல இடம், நம்ம விருத்தாசலம்.

பழமலையும் புதுக் களிமண்ணும்

விருத்தாசலத்துக்குப் பழைய தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். பழமலைன்னும் சொல்வாங்க. விருத்தகிரீஸ்வரர் கோயில், மணிமுத்தாறு, பெரிய ரயில்வே ஜங்ஷன். இதுக்கெல்லாம் பிறகு அந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் வந்தது, பீங்கான்.

காரணம் பக்கத்து ஊர் நெய்வேலி. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாச்சு. நிலக்கரி மண்ணுக்கு அடியில் ஆழமா கிடக்குது. அதை எடுக்கணும்னா மேலே இருக்கிற மண் அத்தனையையும் வாரி எறியணும். அப்படி வாரின மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. சுரங்கத்துக்கு அது இடைஞ்சல், பீங்கான் செய்றவங்களுக்கு அது மூலப்பொருள். இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே ஒரு அரசு பாலிடெக்னிக்கும் வந்தது. இந்தப் படிப்புக்காகவே ஒரு கல்லூரி இருக்கிற ஊருங்க நாட்டிலேயே ரொம்பக் குறைவு.

அங்கே என்ன செஞ்சாங்க? கொலு பொம்மை, அகல் விளக்கு, கப், ஜாடி. இதோட, நம்ம எல்லார் வீட்டு மெயின் போர்டிலும் ஒரு காலத்தில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர். கரண்ட் போனா அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, அதைப் பிடுங்கி, உள்ளே செம்புக் கம்பி சுத்தி மறுபடி சொருகுவாரே, அதேதான். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துற பீங்கானைச் செய்யத் தெரிஞ்ச ஊர் விருத்தாசலம். இந்த வரியை மனசில் வெச்சுக்கோங்க.

நாகோயாவில் நடந்தது

இப்போ ஜப்பானுக்குப் போவோம். நாகோயா நகரத்துக்குப் பக்கத்தில் செட்டோன்னு ஒரு ஊர். பல நூற்றாண்டுகளா மண்பாண்டம், பீங்கான் செய்ற ஊர். ஜப்பானிய மொழியில் பீங்கான் சாமானுக்கே 'செட்டோமோனோ', அதாவது 'செட்டோ சாமான்'னு பேர். அந்த அளவுக்கு ஊரும் தொழிலும் ஒண்ணாகிப் போச்சு.

1904-ல் மொரிமுரா குழுமத்தைச் சேர்ந்தவங்க நாகோயாவில் ஒரு பீங்கான் கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. அதுதான் பின்னாடி உலகமே அறிஞ்ச நோரிடாக்கே. அமெரிக்காவுக்குத் தட்டும் கோப்பையும் ஏத்துமதி செய்றதுதான் இலக்கு. அதே குடும்பத்திலிருந்து 1917-ல் இன்னொரு கம்பெனி பிரியுது, கழிப்பறைப் பீங்கானுக்கு. இன்னைக்கு நாம பார்க்கிற டோட்டோ அது. 1919-ல் மூணாவது ஒண்ணு, மின்கம்பத்து இன்சுலேட்டருக்கு. ஜப்பானிய மொழியில் இன்சுலேட்டருக்கு 'காய்ஷி'ன்னு பேர். கம்பெனி பேர் 'நிப்பான் காய்ஷி கைஷா'. ஆங்கிலத்தில் அதோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா என்.ஜி.கே.

ஆமா, மெக்கானிக் கடையில் மஞ்சள் டப்பாவில் பார்க்கிற அதே என்.ஜி.கே. அந்த மூணு எழுத்துக்குள் ஒளிஞ்சிருக்கிறது கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர். 1936-ல் ஸ்பார்க் பிளக்குக்குன்னு அதிலிருந்து தனிக் கம்பெனி பிரிஞ்சது. 2023-ல் அந்தக் கம்பெனி தன் பேரை நிட்டெரான்னு மாத்திக்கிச்சு, ஆனா பிளக்கில் இன்னமும் என்.ஜி.கே.ன்னுதான் அச்சடிக்குறாங்க.

சோத்துத் தட்டு, கழிப்பறை, கரண்ட் கம்பம், கார் இன்ஜின். 32 வருஷத்தில் ஒரே குடும்பத்துப் பீங்கான் இந்த நாலு இடத்துக்கும் போயிடுச்சு.

அந்த வெள்ளைப் பீங்கான் படுற பாடு

பிளக் பீங்கானுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அது இருக்கிற இடம் அப்படி. ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுத்து ஓடுதுன்னா, ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 50 தடவை பொறி விடணும். டூ ஸ்ட்ரோக்னா 100 தடவை. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான வோல்ட். எரியிற வாயுவோட வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல. அடுத்த நொடித் துணுக்கிலேயே குளிர்ந்த பெட்ரோல் காத்து வந்து அதே பீங்கானில் மோதும். சாதாரணப் பீங்கான் இந்தச் சூடும் குளிரும் மாறி மாறி அடிச்சா விரிசல் விட்டுடும்.

அதனால் ஆரம்பத்தில் மைக்கா வெச்சுப் பார்த்தாங்க, களிமண் பீங்கான் வெச்சுப் பார்த்தாங்க. கடைசியில் நிலைச்சது அலுமினா. அதாவது அலுமினியம் ஆக்சைடு. இது பாக்சைட் தாதுவிலிருந்து வருது. களிமண் பீங்கானைச் சுடுறதைவிட ரொம்ப அதிகமா, 1,600 டிகிரி பக்கத்தில் சுடணும். இதில் கவனிக்க வேண்டியது, பிளக்கில் இருக்கிற வெள்ளைப் பீங்கானுக்குக் களிமண் முக்கியமே இல்லை. செட்டோவின் மண்ணால் நாகோயா ஜெயிக்கலை. மண்ணைச் சுடுறதில் கத்துக்கிட்ட கை, சூளை, சோதனைக்கூடம், இதெல்லாம்தான் கூட வந்தது.

பிளக்கைப் படிக்கத் தெரியணும்

இப்போ ஸ்பேர் பார்ட்ஸ் தேடுறவங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவோம். டாட்சன் 240இசட் தெரியும்தானே? 1969-ல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் வரிசையா வந்து, அமெரிக்காவைக் கலக்கின கார். அதுக்கு என்.ஜி.கே.யில் வழக்கமா போடுறது பிபி6இஎஸ். இதை ஒவ்வொரு எழுத்தா பிரிச்சுப் படிப்போம்.

'பி'ன்னா மரையோட விட்டம் 14 மில்லிமீட்டர். ரெண்டாவது 'பி'ன்னா பீங்கான் முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். '6' வெப்ப அளவு. 'இ'ன்னா மரையோட நீளம் 19 மில்லிமீட்டர். 'எஸ்' நடு மின்முனையோட வகை. நடுவில் 'ஆர்' வந்தா ரேடியோ இரைச்சலைக் குறைக்கிற ரெசிஸ்டர் உள்ளே இருக்குன்னு அர்த்தம்.

அப்படியே நம்ம ஊர் பக்கம் வருவோம். ராஜ்தூத் 350, அதாவது யமஹா ஆர்டி350. அதுக்குப் பி8எச்எஸ். 'எச்'ன்னா மரை நீளம் 12.7 மில்லிமீட்டர்தான். கடையில் 'ரெண்டும் 14தான், போட்டுக்கலாம்'னு 'இ' பிளக்கை இதில் மாட்டினா, நீளமா இருக்கிற நுனி உள்ளே நீட்டி பிஸ்டனையே அடிக்கலாம். வெப்ப எண் 6-க்குப் பதிலா 8 ஏன்? டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எரிப்பு, சூடு அதிகம். சூட்டை வேகமா வெளியே கடத்துற 'கோல்டு' பிளக் வேணும். என்.ஜி.கே.யில் எண் கூடினா கோல்டு. சாம்பியன்லயும் இப்போதைய பாஷ்லயும் இது தலைகீழ், எண் கூடினா ஹாட். எண்ணை மட்டும் பார்த்துப் பிளக் மாத்தினவங்க பிஸ்டனில் ஓட்டை விழுந்து நின்ன கதைகள் இப்படித்தான் உருவாகுது.

பிளக்குக்கு மட்டுமில்ல, ஜப்பான் கம்பெனிகள் ஒவ்வொண்ணும் பார்ட் நம்பருக்குள் ஒரு இலக்கணம் வெச்சிருக்கு. யமஹாவில் முதல் மூணு எழுத்து, அந்தப் பாகம் முதன்முதலா எந்த மாடலுக்குச் செய்யப்பட்டதுங்கறதைச் சொல்லும். அடுத்த அஞ்சு எண் அது என்ன பாகம்னு சொல்லும். 11631-ன்னா ஸ்டாண்டர்டு பிஸ்டன், 11635-ன்னா முதல் ஓவர்சைஸ், 11181-ன்னா ஹெட் கேஸ்கட். நிஸானில் முதல் அஞ்சு எண் 22401-ன்னா ஸ்பார்க் பிளக். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜின் பாகங்களில் பின்பாதி '05யூ'ன்னு ஆரம்பிக்கிறதை நிறையப் பார்க்கலாம். டப்பா கிழிஞ்சு போனாலும், உருவம் துருப்பிடிச்சாலும், இந்த எண் தெரிஞ்சா அந்தப் பாகத்தோட பிறப்புச் சான்றிதழ் உங்க கையில்.

நம்ம ஊரு 'ஜப்பான்'

தமிழ்நாட்டில் இந்தத் தேடல் காரில் ஆரம்பிக்கலை. அப்போ வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. ஜப்பானிய வேகம் நமக்கு ரெண்டு சக்கரத்தில்தான் வந்தது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட ராஜ்தூத் 350, 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் எஸ்கார்ட்ஸின் யமஹா ஆர்எக்ஸ்100. ஆர்எக்ஸ் ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கோர்த்துத்தான் விற்பனைக்கு வந்தது. 1996-ல் அந்த வண்டி நின்னே போச்சு. ஆனா சென்னை புதுப்பேட்டையில் இன்னமும் 'அண்ணே, ஜப்பான் ஐட்டம் இருக்கா?'ன்னு கேட்டுக்கிட்டு வர்ற இளைஞர்கள் இருக்காங்க. கம்பெனி கைவிட்ட பிறகு ஒரு வண்டியை உயிரோட வெச்சிருக்கிறது, பழைய பாகத்தை அடையாளம் காணத் தெரிஞ்ச இந்தக் கண்ணுதான்.

ஜப்பான் கம்பெனிகளே இதை லேட்டா புரிஞ்சுக்கிட்டாங்க. 2017-ல் நிஸான், ஆர்32 ஜிடி-ஆருக்குப் பழைய பாகங்களை மறுபடி செஞ்சு விக்க ஆரம்பிச்சது. 2020-ல் டொயோட்டா, 2000ஜிடிக்கும் பழைய சுப்ராவுக்கும் அதேபோல ஒரு திட்டம் தொடங்கினது.

பீங்கான் டர்போ

இந்த இடத்தில் பீங்கான் இன்னொரு தடவை வருது. 1985-ல் நிஸான், ஃபேர்லேடி இசட் காரில் உலோகத்துக்குப் பதிலா சிலிக்கான் நைட்ரைடுங்கற பீங்கானால் செஞ்ச டர்போ சக்கரத்தைப் போட்டது. எடை குறைவு, அதனால் சீக்கிரம் சுத்தும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் வண்டி பாயும். 1989-ல் வந்த ஜிடி-ஆரிலும் இதே பீங்கான் சக்கரம். ஆனா பின்னாடி வந்தவங்க பூஸ்ட் அழுத்தத்தை ஏத்தினதும் அந்தச் சக்கரம் தண்டிலிருந்து பிய்ஞ்சு போச்சு. அதனால் இன்னைக்குப் பழைய ஜிடி-ஆர் டர்போ வாங்குறவங்க கேக்குற முதல் கேள்வி, 'உள்ளே பீங்கானா, இரும்பா?'. ரேஸுக்குன்னு வந்த என்1 வகையில் உலோகச் சக்கரம். வெளியே ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. தெரியாம வாங்கிட்டா இன்ஜினுக்கே ஆபத்து.

அப்போ விருத்தாசலம்?

இதுதான் நான் உங்ககிட்ட விட்டுட்டுப் போக நினைக்கிற கேள்வி. மின்சாரப் பீங்கான் செய்யத் தெரிஞ்ச கை விருத்தாசலத்தில் இருந்தது. அதைச் சொல்லித்தர கல்லூரி இருந்தது. அலுமினாவும் தூரத்தில் இல்லை. சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் 1960-களிலிருந்து மால்கோ கம்பெனி அலுமினா எடுத்துக்கிட்டிருந்தது. ஸ்பார்க் பிளக் தேவையும் இருந்தது. பெங்களூரில் 1951-ல் ஆரம்பிச்ச மைக்கோ, பாஷ் தொழில்நுட்பத்தில் பிளக் செஞ்சது. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பல வருஷம் பிளக்குன்னாலே 'மைக்கோ'ன்னுதான் சொன்னாங்க.

மண்ணு, தாது, கை, படிப்பு, சந்தை. அஞ்சும் தென்னிந்தியாவுக்குள்ளேயே இருந்தது. அஞ்சையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்த ஒரு மொரிமுரா மட்டும் இங்கே இல்லை. நாகோயாவில் ஒவ்வொரு சூளையும் அடுத்த கஷ்டமான வேலையைத் தேடிப் போச்சு, அதுக்குப் பின்னால் பெரிய மூலதனமும் கார் கம்பெனிகளும் நின்னுச்சு. விருத்தாசலத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள். அவங்களுக்கு வந்த ஆர்டர் ஃபியூஸ் கேரியர். வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் அந்த ஆர்டரும் சுருங்கிப் போச்சு. பட்டறைக்காரரைக் குத்தம் சொல்ல இதில் எதுவுமில்லை. அடுத்த மாச வாடகையைப் பத்தி யோசிக்கிறவர்கிட்ட 1,600 டிகிரி சூளையைப் பத்திப் பேசவே ஆள் வரலை.

இன்னைக்கும் எலக்ட்ரிக் வண்டி, சென்சார், மின் அனுப்புத் தடம்னு எல்லாத்துக்கும் உள்ளே எங்கேயோ ஒரு பீங்கான் இருக்கு. ஸ்பார்க் பிளக்கே ஒரு நாள் 'கிளாசிக்' பொருள் ஆகிடலாம். அதுக்குப் பிறகும் பீங்கான் தேவைப்படும். அந்த அடுத்த பீங்கானைப் பத்தி விருத்தாசலத்துக்கு யாராவது போய்ப் பேசுறாங்களாங்கறதுதான் விஷயம்.

அடுத்த தடவை வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, கழட்டின பழைய பிளக்கைத் தூக்கிப்போட விடாதீங்க. வாங்கித் துடைச்சு, அதில் இருக்கிற எழுத்துகளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.