இருபது ரூபாயும் ஊர்ச் சாட்சியமும்

வேலையின்மை, முதுமை, பிணி, அங்கஹீனம் ஆகிய நிலைகளில் குடிமக்களுக்கு அரசாங்க உதவி கிடைக்குமாறு, ராஜ்யம் தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நமது அரசியல் சாசனத்தின் 41-ஆவது ஷரத்து. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக அது எழுதப்படவில்லை; ஆயினும் அரசு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட வாக்குறுதி அது. அந்த வாக்குறுதிக்கு 1957-இல் உத்தரப் பிரதேசம் உருவம் கொடுத்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரல் 1 முதல், சென்னை ராஜ்யமும் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கத் தொடங்கிற்று. சட்டசபையிலும் செக்ரடேரியட்டிலும் உருவான இந்தத் தர்மம், கரிசல் காட்டு ஓரத்துக் குடிசையில் வாழ்ந்த ஒரு கிழவியின் கையைச் சென்று சேர்வதற்கு எந்தெந்தக் கைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

இன்று பெரம்பலூர், அரியலூர் என்று இரு மாவட்டங்களாக விளங்கும் பூமி அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகிழக்குப் பகுதி. மேற்கே பச்சைமலையும் தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறுமாக எல்லை கொண்ட இப்பிரதேசம், கொள்ளிடக் கரையோரம் நீங்கலாக, பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் வரகும் பருத்தியும் விளையும் கரிசலிலும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரியும் கடலையும் விளையும் செம்மண்ணிலும், கூலிக்குக் களையெடுத்தும் பருத்தி பொறுக்கியும் ஜீவனம் நடத்தியவர்களுக்குச் சேமிப்பு என்று சொல்ல ஏதும் இருந்திருக்க நியாயமில்லை. முதுகு வளையும்வரை உழைப்பு, வளைந்தபின் பிள்ளைகள், பிள்ளைகளும் இல்லையேல் ஊராரின் தயை. இவ்வளவே அவர்களுடைய விருத்தாப்பிய ஏற்பாடு.

விண்ணப்பம் வந்தவுடன் எழுந்த முதற் கேள்வி வயது. பிறப்பு இறப்புப் பதிவேடு கிராம அதிகாரியான மணியக்காரரிடம் இருந்தது உண்மையே. ஆனால் பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவாகிவிடும் குழந்தை, இன்னாருக்கு ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்ற அளவிலேயே ஏட்டில் நின்றுவிடும். அதிலும் பிறந்த ஊர் ஒன்றும் வாழ்க்கைப்பட்ட ஊர் வேறொன்றுமான ஸ்திரீகளுக்கு, எந்த ஊர்ப் பதிவேட்டை எங்கே சென்று தேடுவது? இத்தகைய சங்கடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1908-இல் சட்டம் இயற்றி, 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங் வீதம் 1909 ஜனவரி முதல் வழங்கத் தொடங்கியபோது, அயர்லாந்தில் பிறப்புப் பதிவு என்பதே 1864-இல்தான் ஆரம்பித்திருந்தபடியால், முதியோர் பலர் 1839 ஜனவரியில் அத்தீவை உலுக்கிய பெரும் புயலிரவு தமக்கு நினைவிருப்பதையே வயதுக்குப் பிரமாணமாகக் காட்டினர்.

கொள்ளிடக் கரையில் அந்தப் புயலுக்கு ஈடாக நின்றது 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம். வெள்ளம் வந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, இடுப்பில் பிள்ளை இருந்ததா, அது எத்தனையாவது பிள்ளை என்று பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், அரை நாழிகையில் ஒரு மூதாட்டியின் வயதை இரண்டொரு ஆண்டு வித்தியாசத்துக்குள் கணித்துவிட இயலும். ஜாதகம் எழுதிய குடும்பமானால் வருஷத்தின் பெயரே போதுமானது: ஹேவிளம்பியில் பிறந்தவர் என்றால் அது 1897, அறுபது வருஷச் சக்கரம் சுழன்று அதே ஹேவிளம்பி 1957-இல் மீண்டும் வந்துபோனதை அவரே கண்டிருப்பார். ஏடு இல்லை என்பதற்காக ஆளையே இல்லையென்று தள்ளிவிடாமல், ஆளிடமிருந்து ஏட்டை வருவித்துக்கொள்ளும் இவ்வகை விசாரணையே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் திடமான அபிப்பிராயம். விதியைக் கற்றவர் பலர் உண்டு. விதிக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள தூரத்தை இவ்வாறு நடந்து கடந்த உத்தியோகஸ்தர்களுக்கே முதல் வணக்கம் உரியது.

வயதைக் காட்டிலும் கடினமானது ஆதரவின்மைக்கு அத்தாட்சி. நிலபுலம் உண்டா என்பதைக் கணக்குப்பிள்ளை சிட்டாவையும் அடங்கலையும் புரட்டிச் சொல்லிவிடலாம். பிர்க்கா ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டை நேரில் பார்த்துவிட்டுத் தாலுக்கா ஆபீஸுக்கு அறிக்கை எழுதலாம். ஆனால் தெருக்கோடியில் தனிக்குடித்தனம் நடத்தும் மகன் தனக்குக் கஞ்சி ஊற்றுவதில்லை என்று, அந்த மகனும் ஊராரும் கூடி நிற்க, எந்தத் தாய்தான் வாய்திறந்து சொல்வாள்? 1956-ஆம் ஆண்டின் ஹிந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வயோதிகப் பெற்றோரைக் காப்பது மக்களின் கடமை என்று கூறிற்று என்றாலும், சிவில் வழக்குக்கு வக்கீலும் கோர்ட்டுச் செலவும் வேண்டும். மாஜிஸ்திரேட்டிடமே பெற்றோர் நேரில் முறையிடும் வழி 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தினால்தான் பிறந்தது. ஆகவே, அந்த இடைக்காலத்தில், மகன் பெயர் அறிக்கையில் ஏறியதாலேயே உதவியை இழந்த தாய்மார்களின் துயரத்துக்கு, அந்த மகனோடு சட்டத்தின் தாமதமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும்.

உத்தரவு ஆனபின் பணம் மணியார்டராக வந்தது. வண்டிப் பாதையும் இல்லாத குக்கிராமத்திலிருந்து தாலுக்கா கஜானாவுக்கு மாதந்தோறும் முதியோரை நடக்கவைக்காமல், தபால்காரரை அவர்களுடைய வாசலுக்கு நடக்கவைத்த இந்த முறையை வகுத்தவர்கள், முதுமை இன்னதென்று உணர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும். ஆயுள் முழுவதும் தன் பெயருக்கு ஒரு காகிதமும் வந்தறியாத ஸ்திரீ, தன் பெயர் விலாசத்தோடு வந்த பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்து, சாட்சியின் முன்னிலையில் பணத்தை எண்ணி வாங்கினாள். அது பிச்சையன்று என்பதை அவளுக்கு உணர்த்த வேறு பிரசங்கம் வேண்டியிருக்கவில்லை.

இவ்விசாரணைகளில் ஊர்ச் சாட்சியம் சொல்லிவந்த கிராம அதிகாரிகளின் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய மணியக்காரரின் ஊரறிவு பெரிது. எனினும் அவருடைய விருப்பு வெறுப்பும் அதே அளவுக்குப் பெரிதாகக்கூடும், ஒதுக்கப்பட்ட தெருவில் வாழ்ந்தவருக்கு அவருடைய வாய்ச்சொல்லே தடைச்சுவராகவும் நின்றிருக்கக்கூடும் என்பதால், அம்மாறுதலை நான் நியாயமென்றே கொள்கிறேன்.

தொகை காலப்போக்கில் உயர்ந்தது. 1983-இல் சத்துணவுக் கூடத்தில் முதியோருக்கும் உணவு கிடைத்தது. 1995-இல், பெரம்பலூர் தனி மாவட்டமான அதே ஆண்டில், மத்திய சர்க்காரும் மாதம் 75 ரூபாய் தந்து இப்பணியில் பங்கேற்றது. ஆனால் ஆரம்பகால விசாரணைகளின் பலனை நான் அவற்றினும் தெளிவாகக் காண்பது வேறோர் இடத்தில். முதுமை என்ற ஒரே வாசல் வழியாக நுழைய முடியாமல் திரும்பியவர் எத்தகையோர் என்பதைப் பின்னர் வந்த திட்டங்களே காட்டுகின்றன: 1974-இல் ஆதரவற்ற ஊனமுற்றோர், 1975-இல் விதவைகள், 1981-இல் விவசாயத் தொழிலாளர், 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட மனைவியர் என்று தனித்தனி உதவித்தொகைகள் ஏற்பட்டன. கணவன் உயிருடன் இருக்கிறான் என்ற ஒரே வரியால் விண்ணப்பம் முடிந்துபோகக்கூடிய பெண்ணுக்கு, அந்தக் கணவன் இருந்தும் பயனில்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்ள, 1962-இலிருந்து 24 ஆண்டுகள் ஆயின.