உறைந்த ஆயிலும் ஓடாத லாரியும்: ஒரு குளிர்கால வரலாறு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. கிரிவலத்துக்குப் பெயர் பெற்ற திருவண்ணாமலை இல்லை. இது மலைமேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரிடம், "அண்ணே, இன்ஜின் ஆயில் உறைந்து போகுமா?" என்று கேட்டால் சிரித்துவிடுவார். மார்கழி விடியற்காலையில்கூட சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும். இங்கே பயமெல்லாம் வெயிலுக்குத்தான். 'ஆயில் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்கு நல்லது' என்ற நம்பிக்கை வேரூன்றியதும் அதனால்தான்.

அதே லாரி லடாக்கில் ஓர் இரவு நின்றால் என்ன ஆகும்? லே நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தொடுவதுண்டு. திராஸில் இன்னும் கடுமை. நம்மூரில் இன்ஜினைக் காப்பாற்றிய அதே கெட்டி ஆயில் அங்கே இன்ஜினைக் கொன்றுவிடும். எந்தக் குளிருக்கு எந்த ஆயில் என்று மனிதர்கள் கற்றுக்கொண்டது சுலபமாக நடக்கவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

குளிரில் ஆயிலுக்கு என்ன ஆகிறது?

கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் ஆயிலில் இயற்கையாகவே மெழுகு இருக்கும். சூட்டில் கரைந்து கிடக்கும் இந்த மெழுகு, குளிர் கூடும்போது சிறு சிறு படிகங்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மெழுகு இல்லாவிட்டாலும் குளிரில் எந்த எண்ணெயும் தடித்துப் பாகு போலாகும்.

இதனால் ஆபத்து இரண்டு வகை. ஒன்று, ஸ்டார்ட்டர் மோட்டாரால் இன்ஜினைச் சுழற்ற முடியாது. குளிரில் பேட்டரியின் பலமும் குறைந்துவிடும். இரண்டாவதுதான் மோசம். வண்டி எப்படியோ கிளம்பிவிடும், ஆனால் ஆயில் பம்பால் கெட்டியான ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்ப முடியாது. பேரிங்குகள் எண்ணெயே இல்லாமல் உராயும். சில நிமிடங்களில் இன்ஜின் போய்விடலாம்.

எண்கள் பிறந்த கதை

அமெரிக்காவில் 1905ல் தொடங்கப்பட்ட வாகனப் பொறியாளர் சங்கம் (எஸ்.ஏ.இ.) 1911ல் ஆயில்களை அவற்றின் பாகுத்தன்மையை வைத்து வகைப்படுத்தியது. 1929ல் டீன், டேவிஸ் என்ற இருவர் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள்: சூடு மாறும்போது ஓர் ஆயிலின் பாகுத்தன்மை எவ்வளவு மாறுகிறது? மிகக் குறைவாக மாறிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், மிக அதிகமாக மாறிய வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்று வைத்து மற்ற ஆயில்களை அளந்தார்கள். 'பாகுத்தன்மைக் குறியீடு' என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

ஆனாலும் குளிர் நாடுகளில் மழைக்காலத்துக்குக் குடை எடுப்பது போல, குளிர்காலம் வந்தால் ஆயிலையே மாற்ற வேண்டியிருந்தது. கோடைக்குத் தடித்த ஆயில், குளிருக்கு நீர்த்த ஆயில். மாற்ற மறந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மாஸ்கோ வாசலில்

மறந்தவர்களுக்கு வரலாறு கொடுத்த பெரிய அடி 1941ல் விழுந்தது. ஜூன் 22ல் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானியப் படை, குளிருக்கு முன் போர் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டது. டிசம்பரிலும் போர் முடியவில்லை. லாரிகளிலும் டாங்கிகளிலும் ஆயில் இறுகியது. வீரர்கள் இன்ஜினுக்கு அடியில் தீ மூட்டினார்கள். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று பயந்து, இருக்கிற எரிபொருளையும் எரித்து மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டார்கள். குளிர் பழகிய சோவியத் படையினர் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து நீர்க்க வைத்தார்கள். இன்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் பழைய பதத்துக்கு வந்துவிடும். தோல்விக்கு ஆயில் மட்டுமே காரணம் இல்லைதான். ஆனால் நகராத வண்டி சோறும் கொண்டு வராது, குண்டும் கொண்டு வராது.

ஜோஜி லாவில் தென்னிந்தியர்கள்

நம் நாட்டுக்கு இந்தக் குளிர் 1948ல் அறிமுகமானது. காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜி லா கணவாய் 11,500 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பால்டாலிலிருந்து மேலே போகும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்'. தமிழர்களும் மற்ற தென்னிந்தியர்களும் நிறைந்த பொறியாளர் படை அது. பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து போனவர்கள் போட்ட பாதை அது என்று நினைத்துப் பாருங்கள்! மேஜர் ஜெனரல் திம்மையாவின் தலைமையில் நவம்பர் 1ம் தேதி ஸ்டூவர்ட் டாங்கிகள் அந்தப் பாதையில் ஏறின, கணவாய் மீட்கப்பட்டது.

லடாக்கின் உயிர் லாரிகளின் கையில். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் அடைபடும் என்பதால், அரிசி, மண்ணெண்ணெய், மருந்து என்று மாதக்கணக்கில் தேவைப்படும் சரக்கை முன்கூட்டியே கொண்டு சேர்த்தாக வேண்டும். வணிகவியலில் 'கையிருப்பு' என்று ஒரே சொல்லில் படித்துவிட்டுப் போகிறோம். அங்கே ஒரு லாரி வழியில் நின்றால் யாரோ சிலருடைய குளிர்காலச் சாப்பாடு நின்றுவிடுகிறது.

ஒரே டப்பாவில் இரண்டு ஆயில்

1950களில் பலதர ஆயில்கள் சந்தைக்கு வந்தன. இவற்றில் பாலிமர் எனப்படும் நீண்ட மூலக்கூறுகளைக் கலப்பார்கள். குளிரில் இவை நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், ஆயிலின் ஓட்டத்தைத் தடுக்காது. சூட்டில் விரிந்து ஆயிலை நீர்த்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும்.

டப்பாவில் '15 டபிள்யூ-40' என்று போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். 'டபிள்யூ' என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலம். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு அதற்கு எவ்வளவு தடிப்பு இருக்கும் என்பதைச் சொல்கிறது. இன்றைய தரப்படி 15 டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். 10 டபிள்யூவுக்கு மைனஸ் 25, 5 டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0 டபிள்யூவுக்கு மைனஸ் 35. பம்ப் இழுக்குமா என்ற சோதனை ஒவ்வொன்றிலும் இன்னும் 5 டிகிரி கீழே.

ஆக, நம்மூர் லாரிக்குப் பொருத்தமான 15 டபிள்யூ-40 லே நகரத்து ஜனவரியில் விளிம்பில்தான் நிற்கிறது. அங்கே 5 டபிள்யூ-40 போன்றதுதான் தைரியம். இரண்டாவது எண்ணை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இன்ஜின் தயாரிப்பாளர் புத்தகத்தில் சொன்னதே சரி. 5 டபிள்யூ விலை கூடுதல்தான். ஆனால் ஓர் இன்ஜினின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது செலவா, காப்பீடா என்று வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆயில் சரியாக இருந்தாலும் டீசல் உறையலாம், ஏனென்றால் டீசலிலும் மெழுகு உண்டு. அதற்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. கணவாயில் டாங்கி ஏறி 70 ஆண்டுகளுக்குப் பிறகு!

கடைசியாக ஒன்று. ஆயில் குளிரில் ஓடவேண்டும் என்று சுத்திகரிப்பு ஆலைகள் அதிலிருந்து மெழுகைப் பிரித்து எடுக்கின்றன. சென்னை மணலி ஆலையிலும் லூப் ஆயிலும் மெழுகும் தயாரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அப்படிப் பிரித்த பாரஃபின் மெழுகில்தான் சிவகாசி, சாத்தூர் பக்கம் தீக்குச்சிகளைத் தோய்க்கிறார்கள், நெருப்பு சீராகப் பிடிப்பதற்காக. லடாக்கில் லாரியை நிறுத்திவிடக்கூடிய அதே மெழுகு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் தினமும் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறது. கெட்டியானது எல்லாம் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. எந்த ஊரில், எந்தக் குளிரில் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.