கலங்கியதா, கலக்கினார்களா? ஊவாவின் கிளர்ச்சிகளும் அவற்றுக்கு வைத்த பெயர்களும்

கோபத்தையும் குழப்பத்தையும் சொல்ல ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களில் பல, நீரைக் கலக்குவதிலிருந்து பிறந்தவை. 'டிரபிள்' என்பதன் வேர் பிரெஞ்சு வழியாகப் பின்னோக்கிப் போய், கலங்கல் நீரைக் குறித்த 'டர்பிடஸ்' என்ற இலத்தீன் சொல்லில் முடிகிறது. 'டிஸ்டர்பன்ஸ்' அதற்குப் பங்காளி முறை. 'ராயில்' என்றால் அடிவண்டல் மேலே வரும்படி நீரைக் கலக்குதல். அதன் மாற்று உச்சரிப்பான 'ரைல்' நீரை மறந்து, எரிச்சலூட்டுதல் என்ற பொருளோடு நின்றுவிட்டது. 'அஜிட்டேட்டர்' என்ற சொல்லின் மூலத்துக்கு அசைத்தல், உலுக்குதல் என்று பொருள். சலவை இயந்திரத்துக்குள் நீரை அலைக்கழிக்கும் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

தமிழின் கலக்கமும் கொந்தளிப்பும் இதே நீரிலிருந்து வந்தவை. 'கலகம்' மட்டும் ஒலியொற்றுமையால் இந்தக் குடும்பத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதை வடமொழி 'கலஹ'த்தோடு சேர்க்கிறது. ஆனால் ஆங்கிலச் சொற்கள் மூடிவைக்கும் ஒன்றைத் தமிழ் இலக்கணம் திறந்து காட்டுகிறது. 'கலங்கியது' என்றால் நீர் தானே கலங்கிற்று. 'கலக்கினார்கள்' என்றால் கைவைத்தவர் யார் என்ற கேள்வி உடனே வரும். இலங்கையின் ஊவாப் பகுதியில் இரு நூற்றாண்டுகளாக எழுந்த கிளர்ச்சிகளைப் பற்றிய வழக்கு, தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையிலான வழக்காகவே இருந்துவந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் வழக்கு 1817இல் தொடங்குகிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டிருந்தான். அந்த ஆண்டு வெல்லஸ்ஸப் பகுதியில், மன்னனின் உறவினன் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் தோன்றினான். அவனைத் தேடிப் போன பதுளையின் உதவி அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்புக்குப் பலியானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவையான (பிரதேச ஆளுநர்) கெப்பெட்டிப்பொலவே கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒரு போலி இளவரசன் வந்து அமைதியான குடிகளைக் கலக்கிவிட்டான் என்ற விளக்கம் ஆட்சிக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளூர்த் தலைவர்களின் அதிகாரம் பறிபோனதும், வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் முகாந்திரம் என்ற பதவியில் தனித் தலைவர் நியமிக்கப்பட்டதும் மூட்டிய மனக்கசப்பை அந்த விளக்கம் பொருட்படுத்தவில்லை. அடக்கப் போன இடத்தில் பக்கம் மாறிய திசாவையையும் அதனால் விளக்க முடியாது.

ஆளுநர் பிரவுன்ரிக் 1818 ஜனவரியில் தலைவர்களைத் துரோகிகள் என்று அறிவித்தார். அடக்குமுறைக்கு இந்தியாவிலிருந்தும் படை வந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் தலை வெட்டப்பட்டு இறந்தார். தமிழில் இது நெடுநாள் 'ஊவாக் கலகம்' என்றே எழுதப்பட்டு, பிறகு 'கிளர்ச்சி' ஆயிற்று. மன்னன் சிறையிருந்த அதே வேலூரில் 1806இல் நடந்த 'சிப்பாய்க் கலகம்' தமிழ்நாட்டில் 'வேலூர்ப் புரட்சி' ஆனதும் இப்படித்தான். ஊவாக் கிளர்ச்சியாளரின் பெயரைக் கொழும்பு அரசாங்கக் காகிதத்திலேயே மாற்றியது. பிரவுன்ரிக்கின் அறிவிப்பைச் செல்லாததாக்கி, கெப்பெட்டிப்பொல உள்ளிட்ட தலைவர்களைத் தேசிய வீரர்களாக்கும் ஆவணத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2016 டிசம்பரில் கையெழுத்திட்டார். துரோகி என்ற பெயர் நீங்க 198 ஆண்டுகள் பிடித்தன.

பின்னர் மலைச்சரிவுகளைக் கோப்பியும், அதைத் தொடர்ந்து தேயிலையும் பிடித்துக்கொண்டன. ஊவா 1886இல் தனி மாகாணமானது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னையை வாங்கினார். ரயில் 1924இல் பதுளையை எட்டியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் கூட்டாகக் கோபப்பட வழியே இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவதே தண்டனைக்குரிய குற்றம். தோட்டத்தை நடத்திய துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே, ஆள் சேர்த்து மேய்த்த பெரிய கங்காணியும் அவரிடம் பட்ட கடனும் நின்றன.

தொழிலாளி சங்கமாகச் சேரத் தொடங்கியபோதுதான் 'அஜிட்டேட்டர்' என்ற சொல் தோட்ட நிர்வாகத்தின் வாயில் ஏறியது. தோட்டம் தனியார் நிலம். வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையகம் முழுவதும் சொல்லப்படும் செய்தி. அவர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியே ஆள் சேர்த்தார். நிர்வாகத்தின் கணக்கில் இவர்கள் தெளிந்த நீரில் கோல் விட்டவர்கள். தெளிவாகத் தெரிந்த நீரின் அடியில் எவ்வளவு வண்டல் கிடந்தது என்பதை அந்தக் கணக்கு எழுதிக்கொள்ளவில்லை.

பெரிய சோதனை 1940இல் வந்தது. அந்த ஜனவரியில் ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாவுக்கு இறங்கியது. இறங்க இறங்க நீடித்தது, கடுமையும் கூடியது. லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஊவாவில் வேரூன்றியிருந்தது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபையை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடக்கத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள்.

ஆயுதப் பறிப்பை மட்டும் பார்த்தால் 'கலகம்' பொருந்தும். சபையைப் பார்த்தால் பொருந்தாது. வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரன் ஒருவன் நான்கு சொற்பொழிவுகளால் ஒரு தோட்டத்தைக் கொதிக்க வைக்கலாம். வாக்கெடுத்து, பேரம் பேசி, நிர்வாகத்தை உடன்படிக்கைக்குக் கொண்டுவரும் ஒழுங்கை அவன் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு நின்று பழகியவர்கள் தாங்களே பெயர் சொல்லித் தலைவரைத் தேர்ந்தது, என் பார்வையில், 1940இன் மிகப் பெரிய செய்தி. அதைச் சொல்ல 'டிஸ்டர்பன்ஸ்' என்ற சொல்லுக்குத் திராணி இல்லை.

வேலைநிறுத்தங்கள் பொலிஸ் அடக்குமுறையால் முறிக்கப்பட்டன. அதற்கு உதவியாக மெய்யான வெள்ளமே வந்தது: பாதைகள் அறுந்து, ஊவா ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதாயினர். கலக்கியவர்களைப் பிடித்தாயிற்று என்பது அரசின் கணக்கு. ஆனால் தோட்டங்களில் சங்கம் அழியவில்லை. அதே 1940இல் இலங்கை இந்தியன் காங்கிரஸும் தன் தொழிற்சங்கத்தைத் தொடங்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டம்தான் தொழிலாளரின் அரசியல் குரலை உண்மையில் பறித்தது. அதற்குப் பொலிஸ் தேவைப்படவில்லை.

அதன் பின் கோபத்தின் திசையே மாறியது. 1983 ஜூலையில் பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இதற்குப் பத்திரிகைத் தமிழ் எடுத்துக்கொண்ட சொல் 'கலவரம்'. முன்பு ஆட்சி கலக்கியவனை எங்கும் கண்டது. இந்தச் சொல்லில் கலக்கியவன் எங்குமே இல்லை. மழை வந்தது என்பதுபோலக் கலவரம் வந்தது. இலங்கைத் தமிழ் எழுத்தில் பலர் 'வன்செயல்' என்பதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: செயல் என்றால் செய்தவர் இருந்தாக வேண்டும்.

இந்த வழக்கு நீதிமன்றத்திலேயே நடந்த இடம் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ. 2000 அக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து, தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். முதல் நாள் மாலை முகாமில் இளைஞர்கள் செய்த ஆர்ப்பாட்டத்தால் ஊரார் ஆத்திரமடைந்தார்கள் என்பது முதலில் சொல்லப்பட்ட விளக்கம். இம்முறை கலக்கியவர்களாகக் காட்டப்பட்டவர்கள் இறந்தவர்களே. ஜனாதிபதி ஆணைக்குழு பொலிஸாரின் தவறுகளைப் பதிவுசெய்தது. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் அவர்கள் எல்லோரும் விடுதலையானார்கள்.