முதியோரும் கற்பித்த கல்லூரி

கல்வி என்பது பாடசாலையில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் முடிவடையும் ஒன்று என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வைக்கும் வரலாறு ஒன்று அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலத்தில் உண்டு. தம்மை ‘டினே’ என்று அழைத்துக்கொள்ளும் நவாஹோ மக்கள் தமக்கெனக் கல்லூரி ஒன்றை அமைத்துக்கொண்ட வரலாறே அது.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1864ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் நவாஹோ மக்களை அவர்களது நிலத்திலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான மைல்கள் நடக்கவைத்து, நியூ மெக்சிக்கோவின் பொஸ்கே ரெடொண்டோ என்னுமிடத்தில் அடைத்துவைத்தது. பட்டினியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1868ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தின் பின்னரே எஞ்சியோர் தாயகம் திரும்ப முடிந்தது.

அந்த ஒப்பந்தத்தில் கல்வி பற்றிய ஒரு வாசகமும் இருந்தது. ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்கு அனுப்பப்படவேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வழங்கப்படுவார் என்பதே அது. வழங்கப்படவிருந்ததோ ஆங்கிலக் கல்வி. 1879இல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட கார்லைல் பாடசாலையை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் விடுதிப் பாடசாலைகள் தோன்றின. பழங்குடிப் பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது; தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். இவ்வாறு தண்டனைக்குரியதாக இருந்த நவாஹோ மொழியையே இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் பசுபிக் போர்முனையின் இரகசியச் செய்திகளுக்குப் பயன்படுத்தினர் என்பது வரலாற்றின் முரண்களில் ஒன்று.

ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர், 1968இல், நவாஹோ சமூகக் கல்லூரி நிறுவப்பட்டது. அமெரிக்காவில் ஒரு பழங்குடிச் சமூகம் தானே நிறுவித் தானே நிர்வகித்த முதலாவது கல்லூரி இதுவாகும். அரிசோனாவின் மெனி ஃபாம்ஸ் என்னுமிடத்தில் 1969 ஜனவரியில் வகுப்புகள் ஆரம்பமாயின. முதற் தலைவராக இருந்த ரொபேர்ட் ரோசல் வெள்ளையர். அதே ஆண்டில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற நெட் ஹத்தாத்லி நவாஹோ இனத்தவர். கல்லூரி 1973இல் சேய்லி என்னும் ஊரில் நிரந்தர வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. 1997இல் ‘டினே கல்லூரி’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஆரம்பத்திலேயே ஒரு வினா எழுந்தது. நவாஹோ மொழியையும் வரலாற்றையும் யார் கற்பிப்பது? பட்டம் பெற்றவர்களிடம் அந்த அறிவு இருக்கவில்லை. அறிவுடைய முதியோரிடம் பட்டம் இருக்கவில்லை. கல்லூரி முதியோரையே தேர்ந்தது. சடங்கு வைத்தியர்கள் வகுப்புக்கு வந்தனர். நெசவும் வெள்ளி வேலையும் பாடங்களாயின. விடுதிப் பாடசாலை எந்த அறிவை அழிக்க முற்பட்டதோ, அதற்கே கல்லூரியில் ஆசனம் கிடைத்தது.

இதன் பயன் வகுப்பறையுடன் நின்றுவிடவில்லை. 1864ஆம் ஆண்டின் நெடுநடை பற்றி முதியோர் தம் மூதாதையரிடம் கேட்டறிந்த கதைகளைத் தொகுத்துக் கல்லூரியின் பதிப்பகம் 1973இல் நூலாக வெளியிட்டது. 1930களில் அரசாங்கம் நவாஹோ மக்களின் ஆடுகளை வலுக்கட்டாயமாகக் குறைத்த கொடுமை பற்றிய வாய்மொழிச் சாட்சியங்கள் மறு ஆண்டில் நூலாயின. தன் பாட்டனார் சொன்னதை அச்சில் வாசிக்கும் பேரப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேறென்ன இருக்கமுடியும்?

நவாஹோ தேசம் சுமார் 27,000 சதுர மைல் பரப்புடையது. வீட்டையும் பிள்ளைகளையும் மந்தையையும் விட்டுத் தொலைவிலுள்ள நகரப் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல எல்லோராலும் இயலாது. ஆகவே ஷிப்ரொக், டியூபா சிற்றி முதலிய ஊர்களிலும் கிளைகள் அமைந்தன. பழங்குடிக் கல்லூரிகளின் ஆரம்ப தசாப்தங்களில் பயின்றோரிற் பலர் முப்பது வயதை எட்டிய தாய்மார் என்பது கவனிக்கத்தக்கது. 1994இல் இக்கல்லூரிகளுக்கு நிலமானியக் கல்லூரி என்னும் தகுதி சட்டப்படி வழங்கப்பட்டது. விவசாயம், கால்நடை வளர்ப்பு பற்றிய அறிவை எந்த வயதினருக்கும் ஊர்தோறும் கொண்டுசெல்ல அது வழிவகுத்தது.

கல்லூரியின் தத்துவமே இதற்கு இடமளிக்கிறது. கிழக்கே சிந்தித்தல், தெற்கே திட்டமிடல், மேற்கே வாழ்தல், வடக்கே மீளாய்ந்து உறுதிபெறல் என நான்கு திசைகளோடு அது கல்வியைப் பிணைக்கிறது. வடக்கை அடைந்தவர் மீண்டும் கிழக்கே வருகிறார், வட்டத்திற்கு முடிவில்லை.

இன்று அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பழங்குடிக் கல்லூரிகள் உள்ளன. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவற்றுக்கு மத்திய அரசின் நிதி கிடைத்தாலும், பற்றாக்குறை ஒருபோதும் தீரவில்லை. அதைவிடப் பெரிய கவலையும் உண்டு. நாட்டில் அதிகம் பேசப்படும் சுதேச மொழி நவாஹோவே. எனினும் வீட்டில் அதைப் பேசும் சிறுவர் தொகை குறைந்துவருகிறது. கல்லூரி ஒரு மொழியைக் கற்பிக்கலாம். அடுப்படியில் அதைப் பேசவைக்க அதனால் இயலாது. எனவே பேரனுக்குப் பாட்டி கற்பிப்பது மட்டும் போதாது. அந்த மொழியை இழந்து வளர்ந்த நடுவயதுப் பெற்றோரும் மாணவராக வேண்டும். வாழ்நாள் கல்வி என்பது அங்கே ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. ஓர் இனம் தன் குரலைக் காத்துக்கொள்ளும் வழி அது.